1963 எம்ஜி மிட்ஜெட்: கிராங் முறிந்துவிட்டது, எந்த எஞ்சினைப் போடலாம்?

கோப்பாயான்

வணக்கம் உறவுகளே. வீட்டில் ஒரு 1963 எம்ஜி மிட்ஜெட், இரண்டு பேர் போகிற சின்ன ஸ்போட்ஸ் கார், நிற்கிறது. பெரியப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. 1098 சிசி, எஞ்சின் நம்பர் 10சிஜி என்று தொடங்கும். போன மாதம் கைதடி தாண்டி சாவகச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நாலாம் கியரில் காலுக்கடியில் ஒரு நடுக்கம் வந்தது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுப்பதற்குள் படார் என்று ஒரு சத்தம். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் றோட்டில் ஒயில் கோடு போட்டுக்கொண்டு வந்ததைக் கண்டேன்.

கழற்றிப் பார்த்தால் கிராங் (பிஸ்ரன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு) நடு மெயின் பெயரிங்குக்குப் பக்கத்தில் இரண்டாக முறிந்திருக்கிறது. இரண்டாம் சிலிண்டரின் கொன்ரொட் (பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு) எஞ்சின் புளொக்கை உடைத்துக்கொண்டு டைனமோப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஓட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகும். அதற்குச் சற்று மேலே எஞ்சின் நம்பர்த் தகடு மட்டும் கீறல் கூட இல்லாமல் சுகமாக இருக்கிறது! ஹெட், இரட்டை எஸ்யூ காபரேற்றர், கியர்பொக்ஸ் எதிலும் பழுதில்லை.

இப்போது கைக்கு எட்டுகிற மாதிரி மூன்று வழி தெரிகிறது. மானிப்பாயில் ஒருவரிடம் மொறிஸ் மைனர் 1098 எஞ்சின் சும்மா கிடக்கிறது. கோண்டாவிலில் அடிபட்ட டட்சன் சணி பி310 ஒன்று, ஏ14 எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் சேர்த்துத் தருவார்களாம். கொழும்பு நண்பன் ஒருவன் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் ரொயோற்றா 4ஏ-ஜிஇ எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறான். எது சரி?

ஸ்ரான்லி வீதி

இதில் யோசிக்க என்ன இருக்கு? 4ஏ-ஜிஇ தான். 1587 சிசி, இரட்டைக் கம், பதினாறு வால்வு. உங்கட கார் 700 கிலோ வருமா? அதற்குள் 120 குதிரைவலுவை வைத்தால் ஏ9 றோட்டில் ஒருத்தரும் பக்கத்தில் வரமாட்டார்கள். கம்பனி எஞ்சின் ஐம்பத்தைந்து குதிரையோடு அறுபது வருசமாக மூச்சு வாங்கியது போதும்.

சுன்னாகம் லேத்

ஸ்ரான்லி வீதித் தம்பிக்கு, அந்த எஞ்சினை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நெடுக்காட்டில் நின்று பின்சில்லை ஓட்டியது ஏஇ86 (பின்சில்லுக் கொரோலா) போன்ற சில கார்களில் மட்டும்தான். நமக்குக் கிடைப்பது அநேகமாக முன்சில்லுக் கொரோலாவில் குறுக்கே படுத்திருந்தது. அதை நெடுக்காட்டில் நிறுத்த ஏஇ86 இன் பெல் ஹவுசிங் வேண்டும், ரி50 கியர்பொக்ஸ் வேண்டும், தண்ணீர் வழிகளை மாற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் வயறிங், கம்பியூட்டர், ஹை பிறெஷர் பம்ப். எஞ்சின் விலையைப் போல் இரண்டு மடங்கு இதற்கே போய்விடும்.

அதையும் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வலு எங்கே போய் இறங்கும்? பின் அச்சில். மிட்ஜெட்டின் ஹாஃப் ஷாஃப்ற் கம்பனி எஞ்சினிலேயே முறிந்த கதைகள் உண்டு. 63ஆம் ஆண்டு வண்டி என்றால் பின்னுக்கு இருப்பது கால் வில்லு. வில்லின் முன்னந்தலை தரைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இறுகியிருக்கும், பின்னந்தலை அச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அச்சின் இழுவை முழுவதும் அந்தப் பெட்டித் தகட்டில்தான் விழுகிறது. அந்த இடம் உப்புக்காற்றில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கோப்பாயான், எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முதல் சீற்றைக் கழற்றி, கம்பளத்தைத் தூக்கி, ஒரு ஸ்குறூ டிறைவரால் அந்தப் பெட்டியைக் குத்திப் பாருங்கள்.

ஏ40 கிழவன்

தம்பிமார், நான் சொல்லப்போவது மைனர் எஞ்சினைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் மைனர் எஞ்சின் வாங்குகிறவர் அதன் சாதகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணால் காணக் கிடையாது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவோம், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் அது தாங்கியது. ஆனால் எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு எஞ்சின் அடியில் உள்ள ஒயில் தொட்டிக்குள், அதாவது சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையாது, கூடிக்கொண்டு வரும்! விசயம் தெரியாத ஆட்கள் எஞ்சின் ஒயில் குடிக்கவில்லை என்று சந்தோசப்பட்டார்கள். அதற்குள் போரும் (சிலிண்டர் துளை) பெயரிங்கும் தேய்ந்து முடிந்திருக்கும்.

ஆகவே ஹெட்டைக் கழற்றாமல் காசு கொடுக்காதீர்கள். பிஸ்ரன் தலையில் 040, 060 என்று (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிது என்ற கணக்கு) அடித்திருக்கிறதா பாருங்கள். 060 என்றால் ஏற்கெனவே பலமுறை கடைந்தாயிற்று, அடுத்தது உள்ளே குழாய் அடிக்கிற ஸ்லீவ் வேலைதான். போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். நகம் ஒரு படியில் தடக்கி நின்றால் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று தண்ணீர். எங்கட கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு. கேத்தலில் பிடிக்கிற வெள்ளைப் படை புளொக்குக்குள்ளும் பிடிக்கும். நாலாம் சிலிண்டருக்குப் பின்பக்கம், பயர்வோல் பக்கத்தில்தான் கூடுதலாக அடையும். அங்கே அடைத்தால் றேடியேற்றர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பின் சிலிண்டர் கொதிக்கும். வடித்த தண்ணீரில் கூலன்ற் கலந்து விடவேண்டும், கிடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

இல்போர்ட் தம்பி

லண்டனில் இருந்து எழுதுகிறேன். என்னிடமும் ஒரு மிட்ஜெட் இருக்கிறது, 1275. கோப்பாயான் அண்ணைக்கு நடந்தது புதினமில்லை. 10சிஜி எஞ்சினின் பேர்போன வருத்தமே அதுதான். முந்தின 948 சிசி எஞ்சினில் ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்குகிற தூரம்) 76.2 மிமீ. அதை 1098 ஆக்கியபோது 83.72 மிமீ ஆக நீட்டினார்கள். ஆனால் மெயின் ஜேர்னல் (கிராங்கில் பெயரிங்குக்குள் சுழல்கிற பகுதி) 1¾ அங்குலத்திலேயே நின்றது. மூன்றே மூன்று மெயின் பெயரிங். நீளமான ஸ்ரோக், மெல்லிய கிராங், ஸ்போட்ஸ் கார்க்காரனின் வலது கால். வேறென்ன வேண்டும்? 1964 இல் வந்த மார்க் 2 இல்தான் 2 அங்குல ஜேர்னல் போட்டார்கள், அந்த எஞ்சின் 10சிசி. 1966 இல் வந்த 1275க்கும் 2 அங்குலம்தான், 65 குதிரைவலு.

கவனிக்க வேண்டியது, மைனர் 1098உம் அதே 1¾ அங்குலக் கிராங்தான். மைனரில் 48 குதிரைவலு, ஒற்றைக் காபரேற்றர், மென்மையான கம்ஷாஃப்ற், ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரு வாத்தியார். அதனால் தப்பிப் பிழைத்தது. அதே கிராங்கை மிட்ஜெட்டில் போட்டு 6000க்கு ஏற்றினால் திரும்பவும் கைதடிதான்.

மினி 1275 கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அது குறுக்கே படுக்கிற எஞ்சின், கியர்பொக்ஸ் அடியில் சம்ப்புக்குள் இருக்கிறது, கிராங்கின் பின்முனையும் வேறு. வேலை வைத்துப் பொருத்தியவர்கள் உண்டு, ஆனால் பெட்டியைத் திறந்து பூட்டுகிற சாமான் அல்ல.

நாவற்குழிச் சந்தி

நம்பர்த் தகடு சுகமாக இருக்கிறது என்றீர்கள். பிஎம்சி (எம்ஜியும் மொறிஸும் சேர்ந்த கம்பனி) எஞ்சினில் அது இரண்டு றிவெற் அடித்த தகடுதானே. கழற்றி மைனர் புளொக்கில் அடித்துவிட்டால் கதை முடிந்தது. ஒரு குருவிக்கும் தெரியாது 😄

கச்சேரிப் பக்கம்

நாவற்குழி அண்ணை பகிடியாகச் சொன்னாலும் யாராவது செய்துவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, வாகனப் பதிவுச் சான்றிதழில் (சிஆர்) புது எஞ்சின் நம்பரைப் பதிய வேண்டும். எஞ்சின் யாரிடம் வாங்கியது, எந்த வாகனத்தில் இருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது கையில் வைத்திருங்கள். மானிப்பாய்க்காரரிடம் அந்த மைனரின் சிஆர் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தகட்டை மாற்றி அடிப்பது குற்றம். பொலிஸ் பிடிக்காவிட்டாலும் ஒருநாள் விற்கும்போதோ, பெயர் மாற்றும்போதோ, காப்புறுதி கோரும்போதோ கழுத்தில் வந்து நிற்கும். பழைய புளொக்கைத் தகட்டோடு சேர்த்து அப்படியே வைத்திருங்கள்.

ஏ40 கிழவன்

நம்பர்த் தகடு என்றவுடன் ஞாபகம் வருகிறது. கோப்பாயான் தம்பியின் காரில் நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர்தானே? அந்தச் சிங்கள ஸ்ரீக்கு எதிராக 1958 இல் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியது. தகடுகளில் தார் பூசினார்கள். இப்போது ஸ்ரீ நம்பர்க் கார் என்றால் பெடியள் செல்ஃபி எடுக்க வருகிறார்கள். சரி, விசயத்துக்கு வாருங்கள்.

மெல்பேர்ண் கோண்டாவிலான்

எல்லோரும் மைனரைச் சுற்றியே நிற்கிறீர்கள், ஏ14ஐ ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1397 சிசி, போர் 76, ஸ்ரோக் 77. ஐந்து மெயின் பெயரிங், அலுமினிய ஹெட். எத்தனை வருசம் ஓடினாலும் கிராங் முறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பி310 எங்கட ஊரில் அந்தக் காலத்தில் எவ்வளவு ஓடியது! பாதி மெக்கானிக்மார் கண்ணை மூடிக்கொண்டு வால்வ் செற் பண்ணுவார்கள்.

முக்கியமானது ஐந்தாம் கியர். மிட்ஜெட்டின் டிஃபரென்ஷியல் 4.22. நாலாம் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 25 கிமீ கூட வராது. 80இல் போனால் எஞ்சின் 3200க்கு மேல், 100இல் போனால் 4000. ஏ9 நீளத்துக்கு அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு கிளிநொச்சி போய்ச் சேர்வதற்குள் காது அடைத்துவிடும். டட்சன் ஐந்து கியர் பொக்ஸை மிட்ஜெட்டில் போடுவது உலகம் முழுக்கச் செய்கிற வேலை. அதோடு சேர்ந்து எஞ்சினும் கிடைக்கிறது என்றால் ஏன் விடவேண்டும்?

சுன்னாகம் லேத்

கோண்டாவில் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மூன்றில் நான் ஓரளவுக்கு ஒத்துக்கொள்கிற மாற்று எஞ்சின் அதுதான். எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே சோடியாக வந்தால் நடுவில் அடப்ரர் தகடு தேவையில்லை, அது பெரிய நிம்மதி. கியர்பொக்ஸை மட்டும் மாற்றி, பிஎம்சி எஞ்சினோடு பிடிப்பதுதான் ஆபத்தான வேலை. தகட்டைக் கடைந்து, போல்ற் ஓட்டை போட்டு, பூட்டியாயிற்று என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிராங்கின் மையமும் கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்ற்றின் மையமும் நேராக நிற்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜைக் கட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, பெல் ஹவுசிங் ஓட்டையின் உள்விளிம்பில் ஊசியை ஓடவிட வேண்டும். ஐந்து தௌ, அதாவது 0.13 மிமீக்கு மேல் ஊசி ஆடினால் டவல் பின்னை (இடம் பிடிக்கிற முளை) திருத்தாமல் பூட்டக்கூடாது. பூட்டினால் ஆயிரம் கிலோமீற்றருக்குள் இன்புட் பெயரிங் அழத் தொடங்கும். பிறகு கியர்பொக்ஸைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

சோடியாகப் போட்டாலும் வேலை இருக்கிறது. எஞ்சின் மவுண்டிங் புதிதாக ஒட்ட வேண்டும். முன்னுக்குக் குறுக்குச் சட்டமும் ஸ்ரியரிங் றாக்கும் நிற்கிற இடத்தில் டட்சன் சம்ப் இடிக்கும், வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். கியர் லீவர் வருகிற இடம் வேறு. புறொப் ஷாஃப்ற் வெட்டிப் பலன்ஸ் செய்ய வேண்டும். பிறகு, இதை ஒருவரும் யோசிப்பதில்லை, 63 மிட்ஜெட்டின் ஆர்பிஎம் மீற்றர் டைனமோவின் பின்முனையில் இருந்து கேபிளில் ஓடுகிறது. ஓல்ரனேற்றர் போட்டால் அந்த மீற்றர் செத்துவிடும். அந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடியில் பூட்டியிருக்கும்) வேறு. டட்சன் எஞ்சின் நெகற்றிவ் ஏர்த். பற்றரியைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடினால் போதாது, ஒவ்வொரு சாமானாகப் பார்க்க வேண்டும்.

நல்லூர் வீதி

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. எம்ஜி என்று முன்னுக்கு எழுதிவிட்டு உள்ளே டட்சன் ஓடினால் அது எம்ஜியா? சைலன்சர் சத்தமே வேறு ஆகிவிடும். பெரியப்பாவின் கார் என்று வேறு சொல்கிறீர்கள்.

மெல்பேர்ண் கோண்டாவிலான்

நல்லூர் அண்ணை, எம்ஜிக்காரனே அப்படி நினைக்கவில்லை. 1974 இல் அவர்களே மிட்ஜெட்டுக்குள் ட்றயம்ஃப் எஞ்சினை வைத்தார்கள், 1493 சிசி. பரம எதிரியின் எஞ்சின்! 1979 வரை அப்படித்தான் விற்றார்கள். பொனற்றைத் திறந்து பார்த்து ஒருத்தரும் தற்கொலை செய்யவில்லை.

நல்லூர் வீதி

ட்றயம்ஃப் வேறு, டட்சன் வேறு. நான் இதில் அசையமாட்டேன்.

இல்போர்ட் தம்பி

சண்டை பிடிக்காதீர்கள். நடைமுறையாகப் பார்த்தால், மைனர் எஞ்சின் அந்தக் கூட்டுக்குள் கையோடு போய் உட்காரும். மைனரின் கிளச் தண்டு இழுவை, மிட்ஜெட்டினுடையது ஹைட்றோலிக். ஆகவே பெல் ஹவுசிங், கியர்பொக்ஸ் எதையும் தொடாமல் மிட்ஜெட்டினுடையதையே வைத்திருங்கள். பழைய எஞ்சினில் இருந்து பின்தட்டு, ஃபிளைவீல், கிளச், ஹெட், மனிஃபோல்ட், இரட்டை எஸ்யூ, டைனமோ எல்லாவற்றையும் கழற்றி மைனர் புளொக்கில் பூட்டலாம். ஆர்பிஎம் மீற்றரும் ஓடும், பொசிற்றிவ் ஏர்த்தும் அப்படியே இருக்கும். மைனரின் கம்ஷாஃப்ற்றை மாற்ற வேண்டாம். ஐந்தாறு குதிரை குறையும், ஆனால் 5000க்கு மேல் ஏற்ற ஆசையும் வராது. கிராங்குக்கு அது நல்லது.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே எக்ஸோஸ்ற் வால்வுக்குக் கடினமான சீற் வளையம் போடுங்கள். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 உடன் நின்றுவிட்டது. பழைய வார்ப்பிரும்புச் சீற் ஈயம் இல்லாமல் மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்துகொண்டு போகும். ரப்பற் கிளியறன்ஸ் தானாகக் குறைகிறது என்றால் அதுதான் காரணம்.

பெயரிங் செற், ஒயில் பம்ப், கஸ்கற் செற் இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அளவு சொல்லுங்கள், ஊருக்கு அனுப்புகிற கார்கோப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்.

ஸ்ரான்லி வீதி

ஆக எல்லோரும் சேர்ந்து அந்தாளை 48 குதிரைக்கு இறக்கிவிட்டீர்கள். நல்லா இருங்கோ.

கோப்பாயான்

எல்லோருக்கும் நன்றி. முதலில் சுன்னாகம் அண்ணை சொன்ன பெட்டியைக் குத்திப் பார்த்தேன். இடது பக்கம் கல் மாதிரி இருக்கிறது. வலது பக்கம் ஸ்குறூ டிறைவர் கைபிடி வரை போய்விட்டது. அங்கே பெரியப்பா காலத்தில் ஒரு தகடு ஒட்டி, மேலே தார் பூசி மறைத்திருக்கிறார்கள். 4ஏ-ஜிஇ ஆசை அந்த நிமிசமே போய்விட்டது. அதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவதுதான் முதல் வேலை.

பிறகு மானிப்பாய் போய் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்ரனில் 040. நகம் லேசாகத் தடக்குகிறது, நிற்கவில்லை. நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் ஐயா சொன்னபடியே வெள்ளைச் சேறு, கரண்டியால் தோண்டி எடுத்தேன். உரிமையாளர் சொல்கிறார் அந்த மைனர் இடப்பெயர்வுக்கு முதலே கொட்டிலுக்குள் போய்விட்டது, மண்ணெண்ணெய் கொஞ்சக் காலம்தான் குடித்தது என்று. சிஆர் பிரதியும் தருகிறார். எனக்கு அதை எடுக்கத்தான் மனம் சொல்கிறது. ஏ14 நல்ல எஞ்சின் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சம்ப் வெட்டி, மவுண்டிங் ஒட்டி, வயறிங் மாற்றி முடிப்பதற்குள் காரைத் துண்டு துண்டாக்கிக் கொட்டிலில் போட்டுவிடுவேனோ என்று பயம். அப்படிக் கிடக்கிற கார்கள் இந்த ஊரில் எத்தனை! ஒரே கேள்வி, அந்தக் கிராங்கில் வெடிப்பு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ40 கிழவன்

கொழும்பில் காந்தம் வைத்துப் பார்க்கிற மெசின் இருக்கிறது, அனுப்பலாம். அதற்கு முதல் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கிராங்கை நன்றாகக் கழுவி, ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து, சோக் தூளைத் தூவி விடுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து தூளில் ஒரு ஈரக் கோடு போடும். ஜேர்னலும் வெப்பும் (ஜேர்னல்களை இணைக்கிற கை) சேருகிற மூலைகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், முறிவு அங்கேதான் தொடங்கும். கோடு ஒன்றும் தெரியாவிட்டால் பிறகு கொழும்புக்கு அனுப்பிக் காசைச் செலவழியுங்கள். கோடு தெரிந்தால் அந்தக் காசு மிச்சம்.

சுன்னாகம் லேத்

ஜேர்னலை மைக்றோமீற்றரால் நான் பார்த்துத் தருகிறேன். ஏற்கெனவே அண்டர்சைஸ் கடைந்திருந்தால் எந்த அளவு பெயரிங் என்று இல்போர்ட் தம்பிக்கு எழுதலாம். கடையும்போது மூலையைக் கூராக விடாமல் வளைவாக விடவேண்டும் என்று எந்த லேத்துக்குப் போனாலும் சொல்லுங்கள், கூர் மூலைதான் கிராங்கின் எமன். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பிரிக்காமல் ஒன்றாகத் தூக்கி இறக்குங்கள். இந்தக் காரில் கியர்பொக்ஸைக் கீழால் எடுக்க வழியில்லை. செயின் புளொக் என்னிடம் இருக்கிறது, ஒரு வளை தாங்குகிற கொட்டில் இருந்தால் போதும்.

கோப்பாயான்

சோக் தூள் சோதனை முடிந்தது. கோடு இல்லை. நடு மெயினுக்குப் பக்கத்து மூலைகளை லென்ஸ் வைத்து மகனும் பார்த்தான். கிராங் கொழும்புக்குப் போகிறது. கொட்டிலின் வளை பனை மரம், எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்த்துத் தாங்கும்.

மெல்பேர்ண் கோண்டாவிலான்

நல்லது, சந்தோசம். அப்ப கோண்டாவிலில் நிற்கிற அந்த ஏ14ஐயும் ஐந்து கியர் பொக்ஸையும் ஒருத்தரும் எடுக்கவில்லைத்தானே? உரிமையாளரின் நம்பரைத் தனிமடலில் போடுங்கோ. தை மாதம் ஊருக்கு வருகிறேன்.